ரவிக்கைத் துணியை நம்பி ஒரு கடை

1

போன சனிக்கிழமை மாலை, காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் மகள் எங்கள் குலத்தில் இதுவரை யாரும் செய்திராத காரியம் ஒன்றைச் செய்தாள். கொலுவுக்குப் போன வீட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணியைப் பிரித்துவிட்டாள்.

பிரித்தாள் என்றால் நாசூக்காக அல்ல. பளபளவென்றிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, மடிப்பைக் குலைத்து, உதறிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது. டொராண்டோவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் பள்ளியில் படிக்கிறாள். இங்கே யாராவது பரிசு கொடுத்தால், கொடுத்தவர் கண்ணெதிரிலேயே காகிதத்தைக் கிழித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து மூச்சு நின்றுபோன மாதிரி நடிக்கவேண்டும். அதுதான் மரியாதை.

முன்சீட்டில் இருந்த என் மனைவி விஜி பதறித் திரும்பினாள். "என்னடி பண்றே? வெச்சுக் குடுத்ததைப் போய் யாராவது பிரிப்பாளோ?"

"கிஃப்ட்தானேம்மா?" என்றாள் மகள், ஆங்கில ராகத்தில் தமிழ் பேசும் தன் பாணியில். "உள்ள பில்கூட இருக்கு. பிடிக்கலேன்னா கடையில மாத்திக்கலாம்."

இந்த ஊரில் பரிசோடு பில்லையும் சேர்த்து வைப்பார்கள். 'உன் ரசனை எனக்குத் தெரியாது, நீயே போய் மாற்றிக்கொள்' என்பதன் நாகரிக வடிவம் அது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் கையைப் பின்னால் நீட்டிச் சீட்டை வாங்கினேன். துருவேறிய குண்டூசி. பழுப்படித்த ரோஸ் தாள். அதில் தமிழில் அச்சடித்திருந்தது:

விஜி லேடீஸ் டெய்லர்ஸ், மயிலாப்பூர். இந்தச் சீட்டைக் கொண்டுவருவோருக்குத் தையல்கூலி இலவசம். தீபாவளி வரை மட்டும்.

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது, நம் ஊரில் வண்டியிலிருந்து இறங்கி வந்து சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். நான் நகரவில்லை. அந்தக் கடை என்னுடையது. அந்தக் குண்டூசியைக் குத்தியது என் கை. அந்தச் சீட்டு என்னைக் காப்பாற்றியிருந்தால், நான் இந்தச் சிக்னலில் நின்றுகொண்டிருக்கவே வேண்டாம்.

2

நான் கனடாவுக்கு வந்த விதம் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுவதாகக் கேள்வி. பெரிய கம்பெனி கூப்பிட்டது என்று ஒன்று. மேல்படிப்பு என்று இன்னொன்று. இரண்டையும் கிளப்பிவிட்டது நான்தான். இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மயிலாப்பூரில் ஒரு காற்று அடித்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனிமேல் எல்லாரும் முதலாளி என்று பேப்பரில் எழுதினார்கள். மாடவீதியில் பாதிப்பேர் எஸ்.டி.டி. பூத் வைத்தார்கள், மீதிப்பேர் ஜெராக்ஸ் வைத்தார்கள். நான் ஒரு பெயிண்ட் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே எனக்கு இருந்த செல்வாக்கு எப்படிப்பட்டது என்றால், ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது மேனேஜர் 'யோசித்துச் செய்யுங்கள்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பேனாவின் மூடியைத் திறந்தார்.

பெண்களுக்கான தையல்கடை என்று தீர்மானித்தேன். மயிலாப்பூரில் ரவிக்கை போடாத பெண்மணி கிடையாது. தன் டெய்லரைத் திட்டாத பெண்மணியும் கிடையாது. இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. கிழக்கு மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இடம் பிடித்து, மனைவி பெயரில் போர்டு மாட்டி, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் பாஷா பாயைத் தையல்காரராக அமர்த்தினேன். அவர் தைத்தார். நான் மேற்பார்வை பார்த்தேன். மேற்பார்வை என்றால், வாசலில் நாற்காலி போட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது.

என் கடைக்கு ஒரு கொள்கை இருந்தது. 'சொன்ன தேதியில் தருவோம்' என்று போர்டிலேயே எழுதிவைத்திருந்தேன். அப்படியே தந்தும் தொலைத்தோம். பாஷா பாய்க்கு இது பிடிக்கவில்லை.

"இன்னா சார், சொன்ன தேதில குடுத்தா கடை எப்பவும் காலியாத்தான் கீது பாரு. வந்தவங்க வாங்கிக்கினு போய்டறாங்க."

"அதுதானே பாய் நம்ம ஸ்பெஷல்."

"ஸ்பெஷல்தான். ரெண்டு பேரும் குந்திக்கினு கீறோம்."

விஜியின் அண்ணா ரமணி அப்போதே இங்கே இன்ஷூரன்ஸ் ஏஜென்சி வைத்துச் செழிப்பாக இருந்தார். ஞாயிறுதோறும் போன் செய்வார். எனக்கான குடியேற்ற விண்ணப்பத்தை அவரே நிரப்பி அனுப்பியிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"மாப்ளே, தீபாவளி வரைக்கும் பாருங்கோ. கடை ஓடித்துன்னா நான் வாயே திறக்கலை. ஓடலேன்னா கையெழுத்தைப் போட்டுத் தபால்ல சேத்துடுங்கோ. குழந்தையை வெச்சிண்டு எத்தனை நாள் நாற்காலியில உக்காந்துண்டு இருப்பேள்?"

சரி என்றேன். ஆனால் எனக்கு அடையாறு பாலத்தைத் தாண்டினாலே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. கடல் தாண்டுவதாவது. விஜிக்கும் போக இஷ்டமில்லை. அவள் அதை வாயால் சொல்லவில்லை. தினமும் காலையில் கடை போர்டில் இருந்த தன் பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவாள். ஆகவே தீபாவளிக்குள் கடை நிரம்பியாகவேண்டும்.

3

தி. நகரில் ஒரு ஓட்டல் மாடியில் 'தொழில் வளர்ப்பது எப்படி' என்று ஒருநாள் வகுப்பு நடந்தது. காப்பியும் சமோசாவும் உண்டு என்று போட்டிருந்ததால் போனேன். டை கட்டிய ஒருவர், 'உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான் உங்கள் மூலதனம். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் அதன் வட்டி. வீட்டை விட்டு வெளியே வாருங்கள், பழகுங்கள், அட்டையை நீட்டுங்கள்' என்றார். மதியமே போய் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தேன்.

பழகினேன். லஸ் பக்கத்துப் பூங்காவில் காலை நடைக்குப் போனேன். அங்கே நடப்பவர்களெல்லாம் ஓய்வுபெற்ற ஆண்கள். யாருக்கும் ரவிக்கை தேவைப்படவில்லை. ஒரு பெரியவர் மட்டும் இரண்டு கார்டு கேட்டு வாங்கினார். மகிழ்ந்துபோனேன். பனியில் நனைந்த பெஞ்சைத் துடைக்க ஒன்று போதவில்லையாம்.

சபா கேன்டீனுக்குப் போனேன். அங்கே எல்லார் கண்ணும் அடுத்து வரும் வடைத்தட்டின் மேல் இருக்கும். நீட்டிய கார்டை டோக்கன் என்று நினைத்து ஒருவர் சர்வரிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு கல்யாண ரிசப்ஷன்கள். அழைப்பெல்லாம் தேவையில்லை. இஸ்திரி போட்ட சட்டை போதும். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண்வீட்டுக்காரன் என்றும், பெண்வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்றும் நினைத்து உபசரித்தார்கள். முன்பின் தெரியாத தம்பதிகளை மனமார வாழ்த்தினேன். யார் யார் வீட்டு ஆல்பத்திலோ இன்றைக்கும் ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வரும்போது ஒவ்வொரு இடத்திலும் தாம்பூலப்பை கிடைத்தது. கடைக்கு வாடிக்கையாளர் சேரவில்லை. வீட்டில் தேங்காய் சேர்ந்தது.

"தினமும் தேங்காய்ச் சாதம் பண்ணினா குழந்தைக்கு இருமல் வரும்னா. வேற ஏதாவது யோசியுங்கோ" என்றாள் விஜி.

யோசித்தேன். அப்போது நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது.

4

மயிலாப்பூர் நவராத்திரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு வியாபாரியின் கண்ணால் யாராவது பார்த்திருப்பீர்களா? பெண்கள் அத்தனை பேரும் ஒன்பது நாளும் மாலையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். போகாவிட்டால் கோபம். கூப்பிடாவிட்டால் அதைவிடக் கோபம். கோயில் குளத்தைச் சுற்றிப் பட்டுப்புடவைகள் எறும்பு வரிசைபோல ஊர்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் சுண்டல், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. டை கட்டியவர் சமோசா கொடுத்துச் சொன்ன வலை, இங்கே யாரும் சொல்லாமலே பின்னப்பட்டுக் கிடக்கிறது. அதில் ஓடும் சரக்கே ரவிக்கைத் துணி. நானோ ரவிக்கை தைக்கும் கடைக்காரன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தானாகவே ஒரு மொத்தத் துணிக்கடைக்குள் போட்டது. எல்லாரும் வாங்குகிற, கண்ணாடிபோல மெலிந்த, தைக்கப் போதாத துண்டை நான் வாங்கவில்லை. நல்ல கெட்டிப் பருத்தி, முழு அளவு, தேர்ந்த நிறங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இலவசத் தையல் சீட்டு. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வரும் அனைவருக்கும் கொடுப்போம். அவர்கள் பிரிப்பார்கள், சீட்டைப் பார்ப்பார்கள், கடைக்கு ஓடிவருவார்கள், தையலில் மயங்குவார்கள், தெருவெல்லாம் சொல்வார்கள்.

பாஷா பாய் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சீட்டை வெளில குத்து சார். உள்ள குத்தினா யாரு பாப்பாங்க?"

"வெளியே குத்தினா விளம்பரம் மாதிரி இருக்கும் பாய். உள்ளே இருந்தா அன்பு மாதிரி இருக்கும்."

அவர் குண்டூசி டப்பாவை என் பக்கம் தள்ளினார். "அன்பா. சரி, குத்து." பிறகு சீட்டைத் திருப்பினார். "தீபாவளி வரைக்கும்னு போட்டுக்கீறே. எந்தத் தீபாவளின்னு போடலையே?"

"இந்தத் தீபாவளிதான். இதுகூடத் தெரியாதா ஜனங்களுக்கு?"

விஜி இன்னும் தெளிவாகவே சொன்னாள். "வெச்சுக் குடுத்த துணியை யாரும் தைச்சுக்க மாட்டான்னா. அப்படியே அலமாரில வெச்சு, அடுத்தாத்துக்காராளுக்குக் குடுத்துடுவா. நானும் அப்படித்தான் பண்றேன்."

"அது மட்டமான துணிக்கு. இது நல்ல துணி."

"நல்ல துணின்னா இன்னும் மோசம்" என்றாள். ஏன் மோசம் என்று அப்போது நான் கேட்டிருக்கலாம். முதலாளிகள் கேட்பதில்லை.

5

முதல் நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கொலுவுக்கு நல்ல கூட்டம். துணிகள் பறந்தன. எதிர்வீட்டுப் பங்கஜம் மாமி தொட்டுப் பார்த்துவிட்டு, "விஜி, இவ்வளவு ஒசத்தியாவா வாங்குவா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் கதவுக்குப் பின்னால் நின்று, ஆர்டராகவே காதில் வாங்கிக்கொண்டேன். பாஷா பாயிடம், கூட்டம் வந்தால் உட்கார இரண்டு ஸ்டூல் வாங்கிப் போடச் சொன்னேன். ஸ்டூல்களில் அவர் நூற்கண்டுகளை வைத்துக்கொண்டார்.

ஒருவரும் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு மாமி சந்துக்குள் வந்தாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். தபாலாபீஸுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின மாலை, நாலு வீட்டுக் கொலு பார்த்துவிட்டு வந்த விஜி பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். வெற்றிலை, மஞ்சள், வாழைப்பழம். அதற்கடியில் ஒரு மாம்பழ நிறத் துணி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மடிப்புக்குள் விரலை விட்டேன். குண்டூசி குத்தியது.

"இது நம்ம துணின்னா."

"தெரியறது. யார் குடுத்தா?"

"மேலமாடவீதி சாரதா. அவாளுக்கு நான் குடுக்கவே இல்லையே."

மறுநாள் இரண்டு வந்தன. விஜயதசமியன்று பங்கஜம் மாமி, ஒரு பெரிய தட்டில் எல்லாருக்கும் முன்னால் விஜிக்கு மரியாதையோடு ஒன்று கொடுத்தாள். அதுவும் எங்களுடையதுதான். சீட்டு குத்தியது குத்தியபடி இருந்தது. மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை. வலை பிரமாதமாக வேலை செய்திருந்தது. நான் போட்டதை ஊரே கைமாற்றிக் கைமாற்றி, ஒரு சுற்று முடித்து, பத்திரமாக என்னிடமே கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஒரே குறை, வழியில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

"மத்ததெல்லாம் எங்கே போச்சு?" என்று விஜியைக் கேட்டேன்.

"அதான் அன்னிக்கே சொன்னேனே, நல்ல துணின்னா இன்னும் மோசம்னு. மட்டமா இருந்தா வேலைக்காரிக்காவது குடுத்திருப்பா, அவளாவது தைச்சுக்க எடுத்துண்டு வந்திருப்பா. நல்லதை யாராவது தானே தைச்சுப்பாளா? சம்பந்தியாத்துக்குன்னு பெட்டிக்கு அடியில வெச்சிருப்பா."

தீபாவளிக்கு முந்தின வாரம் மயிலாப்பூரில் எல்லாத் தையல்கடைகளிலும் 'புது ஆர்டர் எடுப்பதில்லை' என்று அட்டை தொங்கியது. நாங்களும் ஒன்று தொங்கவிட்டோம், மானத்துக்காக. தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, ரமணி அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டேன். விஜி அந்த இடத்தை விரலால் காட்டினாள். அன்றைக்குக் காலையில் அவள் போர்டைத் துடைக்கவில்லை.

பாஷா பாயிடம் சொன்னபோது அவர் வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினார். "போய்ட்டு வா சார். மெஷினு, போர்டு ரெண்டையும் நான் எடுத்துக்கினு போறேன். திருவான்மியூர்ல பஸ் ஸ்டாண்டாண்ட நம்ம ஆளு ஒருத்தன் எடம் தரேன்னுகீறான்."

"போர்டு எதுக்கு பாய்? உங்க பேர்லயே போட்டுக்கறதுதானே?"

"நல்ல பேரு சார் அது. உனக்குத்தான் ஒத்து வரல."

6

நாங்கள் விமானம் ஏறிய சில மாதங்களில் திருவான்மியூர்க் கடை பிய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. கடைக்குச் செய்யப்பட்ட ஒரே உருப்படியான மேற்பார்வை, நான் இல்லாமல் போனதுதான். ரகசியத்தை பாஷா பாயே போனில் சொன்னார். அவர் முதல் வேலையாகப் போர்டில் 'சொன்ன தேதியில்' என்பதை அழித்தார். எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமை என்று சொன்னார். செவ்வாய்க்கிழமை வந்தவர்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. வந்தவர்கள் திட்டினார்கள், உட்கார்ந்தார்கள், பக்கத்தில் திட்டிக்கொண்டிருந்தவரோடு சிநேகமானார்கள், பெண்ணுக்கு வரன் விசாரித்தார்கள். மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து, கை ராசியான டெய்லர் போலிருக்கிறது என்று அவர்களும் துணியைக் கொண்டுவந்தார்கள்.

"ரெண்டு ஸ்டூலு வாங்கினியே சார், அது இப்ப பத்தல" என்றார்.

நான் இங்கே என்ன செய்கிறேன்? ரமணியின் ஏஜென்சியில் பாலிசி விற்கிறேன். மாதம் ஒருமுறை, உள்ளூர் வியாபாரிகள் ஒன்றுகூடிப் பழகும் மாலைக்கு என்னை அனுப்புகிறார். சட்டையில் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். அதில் இருப்பது என் பெயர் அல்ல. குடியேற்ற அலுவலகத்தில் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டு, நான் திருதிருவென்று விழித்ததில், இனிஷியலாக நிம்மதியாக இருந்த என் அப்பாவை வெளியே இழுத்து முழுநீளத்துக்கு எழுதிவிட்டார்கள். தெரியாதவன் மணி கேட்டால்கூடப் பதில் சொல்லாத மனிதர் அவர். இப்போது என் மார்பில் ஏறிக்கொண்டு, கையில் தட்டோடு வெள்ளைக்காரர்கள் நடுவில் பழகிக்கொண்டிருக்கிறார்.

அங்கே எல்லாரும் எல்லாருக்கும் அட்டை கொடுக்கிறார்கள். வாங்கியவர் பளிச்சென்று சிரித்து, பார்க்காமலே பையில் போட்டுக்கொள்கிறார். போன மாதம் ஒருவர் தம் அட்டை என்று நினைத்து என் அட்டையை எனக்கே நீட்டினார். எனக்கு மேலமாடவீதி சாரதா ஞாபகம் வந்தது. சுண்டலாவது கொடுத்திருக்கலாம்.

7

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் கொலுவுக்குப் போனது மாலதி என்ற சிநேகிதியின் வீட்டுக்கு. மகளின் பிரசவத்துக்காக மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கும் மாலதியின் அம்மா, வெளிநாட்டில் கொடுப்பதற்கு நல்லதாக இருக்கட்டும் என்று, பெட்டிக்கடியில் இத்தனை ஆண்டுகள் காத்துவைத்த துணிகளைப் புது உறையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். மாம்பழ நிறம். கொஞ்சமும் வெளுக்கவில்லை. நல்ல துணி என்று நான் அப்போதே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து விஜி அந்தத் துணியை மேஜைமேல் விரித்து, கையால் நீவிக்கொண்டே இருந்தாள். இந்தக் கடையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசி நாளாகிறது.

"சீட்டு நம்மகிட்ட இருக்கோன்னோ?" என்றாள்.

"இருக்கு."

"தீபாவளி இன்னும் வரலையே."

"விஜி, அது அந்தத் தீபாவளி."

"அப்படி எங்கே போட்டிருக்கு? காட்டுங்கோ."

காட்ட முடியவில்லை. போன் கார்டைச் சுரண்டி, திருவான்மியூருக்கு அடித்தேன். பின்னணியில் பத்துப் பெண்கள் திட்டும் சத்தம் கேட்டது. வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று புரிந்தது.

"பாய், நம்ம சீட்டை எடுத்துக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காங்க."

"எந்தச் சீட்டு?"

"இலவசத் தையல். உள்ளே குத்தினோமே."

மெஷின் சத்தம் நின்றது. "அட. ஒருத்தங்க பிரிச்சுட்டாங்களா. யாரு சார்?"

"என் பொண்ணு பிரிச்சா. வீட்டம்மாவுக்குத் தைக்கணும்."

"முதலாளியம்மாவா முதல் கஸ்டமரு. துணியை அனுப்பு சார், கூலி வாணாம். பேச்சுன்னா பேச்சு."

"எப்ப கிடைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை."

துணி, மாலதியின் அம்மாவோடு அடுத்த வாரம் மயிலாப்பூருக்குத் திரும்புகிறது. வழியில் யாருக்காவது வைத்துக்கொடுத்துவிடுவாளோ என்ற பயத்தில், விஜி இந்தமுறை சீட்டை வெளிப்பக்கம் குத்தியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை தைத்து வராது. அதற்கடுத்த செவ்வாயும் வராது. அப்புறம் நேரில் போய், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து திட்டினால்தான் வேலை நடக்கும். மூன்று பேருக்கு விமான டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.